இதில எந்தக் கரடி?

கொட்டாஞ்சேனையில் என் சித்தி வீட்டு முன்னறைச் சுவரில், மாதா படத்துக்கும் மின்மானிப் பெட்டிக்கும் நடுவில், கரடிகளின் படம் ஒன்று தொங்குகிறது. பழங்கள், வாகனங்கள், உடலின் பாகங்கள் என்று பாடசாலைப் பிள்ளைகளுக்காக அச்சடித்து, புறக்கோட்டை நடைபாதையில் சுருட்டிச் சுருட்டி அடுக்கி விற்பார்களே, அந்த வகைப் படம்தான். மேலும் கீழும் தகரப்பட்டி, தொங்கவிட ஒரு வளையம். ஒன்பது கட்டங்களில் ஒன்பது கரடிகள். ஒன்பதாவது கட்டத்தின் மேல் நீலப் பேனாவால் பெரிய பெருக்கல் அடையாளம் போட்டிருக்கிறது. அதில் இருப்பது மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் கோலா. கோலா கரடியே அல்ல, வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் கங்காரு வகையறா என்று சித்தி எப்போதோ வாசித்துத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே அதைக் குடும்பத்திலிருந்து விலக்கிவிட்டார். ஆறாவது கட்டத்தின் கதை வேறு. அதில் பளபளப்பே இல்லை. விரல் பட்டுப் பட்டுத் தாள் வெளுத்து, கரடியின் முகம் பாதி அழிந்துவிட்டது.

அந்தக் கட்டத்தில் முதல் விரல் பட்டபோது சிறு பிள்ளையாக நான் பக்கத்தில் நின்றேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசை. பின்னேரம். அம்மாவோடு கந்தோரில் வேலை செய்த ஒரு பெண், நான் அன்ரி என்று கூப்பிட்டவர், புதிதாக வாங்கி வந்த படத்தை மேசையில் விரித்தார். அது திரும்பத் திரும்பச் சுருண்டுகொண்டதால், ஒரு மூலையில் சீனிப் போத்தலையும் மறு மூலையில் பால்மாத் தகரத்தையும் தூக்கி வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த என் சித்தப்பாவின் முகத்தைக் கண் எடுக்காமல் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதில எந்தக் கரடி?”

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் வசனம் அதுதான். ஒரு கலியாணப் பேச்சு இப்படியும் தொடங்கலாம் என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டவருக்கும் தெரியாது.

சித்தப்பாவின் முகத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நான் பல் வைத்தியர். முகங்களை அருகில் வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் அந்த முகத்தை விவரிக்க எனக்கு வருவதில்லை, அது எனக்குப் பழகிய முகம். மற்றவர்கள் கண்டதைச் சொல்கிறேன். மயிர் முளைக்காத உச்சியில் தொடங்கி, இடது புருவத்தை வெட்டி, கன்னத்தைக் கோடு கோடாகப் பிரித்து, தாடை வரை இறங்கிய தழும்பு. இமை கீழே இழுபட்டிருந்ததால் அந்தக் கண் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். இடது காதில் பாதி இல்லை. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் அழகான ஆள். பஸ்ஸில் ஏறினால் இடது பக்க ஜன்னல் ஓரத்தில்தான் உட்காருவார். ரோட்டில் நிற்கிறவர்கள் பார்த்துத் திடுக்கிடுவதற்குள் பஸ் கடந்துவிடும் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

வவுனியாவுக்கு அப்பால் ஒரு குளத்தில் அவர் நீர்ப்பாசன ஓவசியராக இருந்தவர். வாய்க்காலில் யார் எப்போது தண்ணீர் எடுப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. முறை தப்பிக் களவாகப் பம்பு வைத்து இழுக்கிறவர்களைப் பிடிப்பதும் அவர் வேலைதான். அது பாலைப்பழக் காலம். குளக்கட்டால் நடந்துகொண்டே வழியெல்லாம் பாலைப்பழம் பொறுக்கித் தின்றிருக்கிறார். அந்தப் பழத்தின் பால் பிசின் மாதிரி, அளவுக்கு மிஞ்சித் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது கட்டுக்குக் கீழே பற்றைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. தண்ணீர் வற்றிய இடத்தில் பம்பு காற்றை இழுக்கிற சத்தம். இழுத்து, ஊதி, மறுபடி இழுத்து. யாரோ குழாயைப் போட்டுவிட்டான், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சுள்ளிகூட முறியாமல் நடந்து போய்ப் பற்றையை விலக்கியிருக்கிறார். பம்பு இல்லை. புற்றுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு ஒரு கரடி கறையான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“நான் வாறது கேட்டிருந்தா அது தன்ர பாட்டில போயிருக்கும்,” என்று சித்தப்பா சொல்வார். “நான் கள்ளனைப் பிடிக்கிற மாதிரிப் போனன். அது பயந்திட்டுது.”

ஒரு நாளும் அவர் அந்தக் கரடியைக் குறை சொன்னதில்லை. அது இரண்டு காலில் எழுந்து நின்றதையும், நெஞ்சில் மாலை போட்டது போல் வெள்ளை வளைவு ஒன்று தெரிந்ததையும், பிறகு ஒரே அடியில் எல்லாம் முடிந்ததையும் நிதானமாகச் சொல்வார். உதடு ஒட்டியிருந்ததால் கத்தவும் வரவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார்.

இதெல்லாம் நடந்தது சண்டைக் காலத்தில். பாதை மூடி மூடித் திறந்த நாட்கள், அப்பாவால் போய்ப் பார்க்க முடியவில்லை. மேல் சிகிச்சைக்கென்று சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காயம் ஆறிவிட்டது, கதைதான் மிஞ்சியிருந்தது. அந்த நாளைய கொழும்பில் ஒரு தமிழ் ஆணின் உடம்பில் தழும்பைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: சண்டையில் பட்டது. எங்கே பட்டது, எந்தப் பக்கம் நின்றபோது பட்டது என்பதுதான் மிச்சக் கேள்வி. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் பொலிசில் பதிந்து வைத்திருந்தோம். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த தழும்புக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டைச் சட்டைப் பையில் கொண்டு திரிந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே, அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். இதற்கு நடுவில் ஒருவர் வந்து, பம்பு என்று நினைத்துப் போனேன், கரடி அடித்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? பொய் சொல்வதென்றாலும் இதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் ஆட்களுக்குப் பட்டது.

அப்பாவுக்கும் அப்படித்தான் பட்டது. அதை நான் என் காதால் கேட்டேன். குசினிக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். அப்பா குரலை இறக்கி, “எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன். வீட்டில பிள்ளையள் இருக்குதுகள்,” என்றார். சித்தப்பா, “சொன்னனான்தானே அண்ணை, கரடி,” என்றார். அப்பா “சரி” என்றார். அந்தச் சரியில் சரி இல்லை என்பது எனக்கே விளங்கியது. சித்தப்பா துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அன்றிலிருந்து கொஞ்ச நாட்களுக்கு அந்த வீட்டில் கரடி என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை.

அப்பா கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். அவர் ஒரு ஏற்பாடு செய்தார்: யார் கேட்டாலும் மோட்டார் சைக்கிள் விபத்து என்று சொல்வது. அது யாருக்கும் விளங்கும், யாரையும் சிறையில் போடாது. அம்மாவும் நானும் அதைப் பாடமாக்கிக்கொண்டோம். சித்தப்பா மட்டும் பாடமாக்கவில்லை. தரகர் கொண்டு வந்த முதல் பெண் வீட்டாரிடம் அப்பா விபத்துக் கதையைச் சொல்லி முடித்து, எல்லாரும் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “விபத்து இல்லை, கரடி அடிச்சது,” என்றார். பெண்ணின் மாமா ஒருவர், வாய்த்துடுக்குள்ள மனிதர், “தம்பி நல்லாத்தான் கரடி விடுறார்,” என்று சொல்லிச் சிரித்தார்.

தமிழில் பொய் சொல்வதற்குக் கரடி விடுவது என்று ஏன் பெயர் வந்ததென்று நான் பல பேரைக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. புலி விடுவது, மான் விடுவது என்று இல்லை. உலகத்தில் எத்தனையோ மிருகம் இருக்க, என் சித்தப்பாவை அடித்த மிருகம் பார்த்துப் பொய்க்குப் பெயராகியிருக்கிறது. அவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாலே அது பகிடியாகிவிடும். இரண்டாவது பெண் வீட்டாரும் மூன்றாவது பெண் வீட்டாரும் வந்த வழியே போனார்கள். ஒழுங்கை முனையில் நிற்கும் பையன்கள் அவரைக் கண்டால் “ஆர் விட்டது, கரடி விட்டது” என்று ராகமாகச் சொல்லத் தொடங்கினார்கள். அவர் நடையை விரைவாக்காமல் அதே வேகத்தில் நடந்து வருவார். எனக்குத்தான் அவர்கள் மேல் கல்லெறிய வேண்டும் போல் இருக்கும்.

அம்மா இதையெல்லாம் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி ஆற்றிக்கொள்வார். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோர் அது. அங்கே அம்மாவுக்கு அடுத்த மேசையில் இருந்தவர்தான் பின்னாளில் என் சித்தியானவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், துறைமுகத்தில் வேலை செய்த தகப்பனுக்கு ஒரே மகள். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகாததைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லாரும் கவலைப்பட்டார்கள். எதைக் கேட்டாலும் அதன் அடியைத் தேடிப் போகிற சுபாவம். கப்பலில் என்ன வருகிறது என்று தாள் சொல்லும், அது ஏன் அந்த நாட்டிலிருந்து வருகிறது என்று இவர் கேட்பார். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்ன கதை முழுவதையும் கேட்டு, சோற்றைப் பிசைவதை நிறுத்தி, “எந்தக் கரடி?” என்று கேட்டாராம். அம்மா, “கரடி எண்டால் கரடிதானே,” என்றிருக்கிறார். “அதெப்படி? வெள்ளைக் கரடியும் கரடிதான். அது இங்க வந்து அடிக்குமா?” என்றிருக்கிறார் அவர்.

அந்தச் சனிக்கிழமை புறக்கோட்டையில் படத்தை வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பெண் பார்க்கவும் இல்லை, மாப்பிள்ளை பார்க்கவும் இல்லை. கரடி பார்க்க வந்தார்.

சித்தப்பா முதலில் படத்தைத் தொடவில்லை. இவரும் கேலிக்கு வந்தவரோ என்று நினைத்திருப்பார். பிறகு கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு போய், ஆறாவதில் விரலை வைத்தார். சடைத்த கறுப்பு மயிர், வெளிறிய நீண்ட மூஞ்சி, நெஞ்சில் வெள்ளை வளைவு. அவ்வளவுதான், கேள்விகள் வரிசையாக வந்தன. நகம் என்ன நிறம்? வெள்ளை, யானைத் தந்தம் மாதிரி. எவ்வளவு நீளம்? சித்தப்பா என் கையைப் பிடித்து, என் சுண்டு விரலைக் காட்டினார். மணம் இருந்ததா? இருந்தது, மழையில் நனைந்த சாக்கு மணம். வாய் திறந்திருந்ததா, பல் தெரிந்ததா? அவர் கொஞ்சம் யோசித்து, மேலே நடுவில் பல் இல்லாதது போல் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் பல்லை எண்ணிக்கொண்டா நிற்பது என்றார். அன்ரி எதற்கும் முகம் சுளிக்கவில்லை, ஐயோ பாவம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்க, சித்தப்பாவின் தழும்பு ஏறிய முகத்தில் நான் அதற்கு முன் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் அவரைத்தான் சோதித்தார்கள். இவருக்குக் கரடியைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது.

அப்போதுதான் சித்தப்பா படத்தின் கீழே தமிழில் அச்சடித்திருந்த பெயரை வாசித்தார். சோம்பேறிக் கரடி.

“சோம்பேறியோ? இதுவோ?” என்றார். “என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ, இது ஒரு சோம்பேறி செய்த வேலையோ?”

அன்ரி சிரித்தார், அம்மா சிரித்தார், சித்தப்பாவும் சிரித்தார். தன் முகத்தை வைத்து அவர் பகிடி விட்டது அதுதான் முதல் தடவை. சுவரோரம் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் பேப்பரை இறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெஹிவளையில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போவதென்று அன்ரிதான் தீர்மானித்தார். ஒரு பெண்ணும் ஆணும் தனியே போவது அழகில்லை என்று அம்மா என்னையும் அப்பாவையும் கூட அனுப்பினார். கரடிக் கூண்டுக்கு முன்னால் சித்தப்பா ஓரடி பின்னால்தான் நின்றார். கரடி ஒரு மூலையில் கிடந்து தூங்கியது. அப்பா, “படத்தில போட்ட பேர் சரிதான் போல கிடக்கு,” என்றார். கொஞ்சம் கழித்துப் பராமரிப்பாளர் வந்து, ஓட்டைகள் போட்ட ஒரு மரக்குற்றிக்குள் ஏதோ தீனியை அடைத்து உள்ளே தள்ளினார். கரடி எழுந்தது. மூஞ்சியை ஓட்டையில் வைத்து, உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி இழுத்தது. இழுத்து, ஊதி, மறுபடி இழுத்தது. தண்ணீர் வற்றிய பம்பு காற்றை இழுக்கிற சத்தம். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் ஓரடி முன்னால் வந்து கம்பியைப் பிடித்திருந்தார். அன்ரி கரடியையும் பார்க்கவில்லை, சித்தப்பாவையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

“கேட்டுதா அண்ணா?” என்றார்.

கதை முழுவதிலும் அந்தப் பம்புதான் மிகப் பெரிய பொய் என்று அப்பா நினைத்திருந்தார் என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் சித்தப்பாவின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தை வாசித்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரிந்த பார்வைதான். வரிசை நகரவில்லை. அப்பாவுக்குப் பதறிவிட்டது. யாரும் கேட்காமலே முன்னால் போய், தன் அரைகுறைச் சிங்களத்தில், அது மோட்டார் சைக்கிள் அக்சிடன்ட் சேர், என்று தொடங்கினார். பொலிஸ்காரர் தலையை ஆட்டினார். இல்லை என்றார். சித்தப்பாவின் தழும்பு போன வழியைத் தன் முகத்தில் விரலால் மேலிருந்து கீழே இழுத்துக் காட்டி, “வலஹா நேத?” என்று கேட்டார். கரடிதானே என்று.

எனக்கு அந்த வயதில் சிங்களம் அப்பாவைவிட நன்றாக வரும், அதனால் பிறகு பேசியதெல்லாம் விளங்கியது. அவர் மொனராகலைப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்துக்காரர். தேன் எடுக்கப் போன அவருடைய மாமனுக்கும் இதே மாதிரி முகம். மாமனுக்கு ஒரு கண்ணே போய்விட்டதாம், நீங்கள் பாக்கியசாலி என்றார். எங்கே வைத்து அடித்தது, குட்டியோடு நின்றதா என்று கேட்டார். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும், அப்படிப்பட்ட நேரத்தில் அகப்பட்டால் தப்ப முடியாது என்றார். சித்தப்பாவும் அவரும் பற்றை, புற்று, பாலைமரம் என்று, பின்னால் வரிசை நீளுவதைப் பற்றிக் கவலையில்லாமல் பேசினார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் அப்பாவைக் காட்டி, இவர் ஏன் பொய் சொல்கிறார் என்று கேட்டார். சித்தப்பா, அவர் என் அண்ணா, பயந்துவிட்டார் என்றார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். அவர் வேறு ஊர்க்காரராக இருந்து, அப்பாவின் பொய்யைப் பொய் என்று மட்டும் கண்டுபிடித்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அப்ப அது உண்மையாக் கரடிதானடா, என்றார். சித்தப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

“பொலிஸ்காரன் சொன்னதை நம்பிறாய் அண்ணை. நான் சொன்னதை நம்பேல்லை.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அப்பா அங்கேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பாண் வாங்கப் போகும்போது, வழக்கமில்லாமல் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். கடை முதலாளி, மருந்துக்கடைக்காரர், ஒழுங்கை முனைப் பையன்கள் என்று ஒருவர் விடாமல் நிறுத்தி, “இவன் என்ர தம்பி. கரடி அடிச்சது. பம்பு எண்டு நினைச்சுப் போனவன்,” என்று சொல்லி வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொன்னவர் அப்பாதான். வருடத்துக்கு வருடம் கரடியும் வளர்ந்தது. கடைசியில் அது பனை உயரத்துக்கு வந்தபோது, சித்தப்பாதான், “அண்ணை, நீ இப்ப கரடி விடுறாய்,” என்று நிறுத்த வேண்டியிருந்தது.

அன்ரி சித்தியானார். இந்துவுக்கும் கத்தோலிக்கருக்கும் நடுவில் வர வேண்டிய சண்டையெல்லாம் வந்து ஓய்ந்து, கொட்டாஞ்சேனையில் கலியாணம் நடந்தது. ஸ்டூடியோக்காரர் கொண்டு வந்து கொடுத்த கலியாணப் படத்தில் சித்தப்பாவுக்கு இரண்டு கன்னமும் வழுவழுவென்று இருந்தன, காதும் முழுதாக இருந்தது. காசு கூட வாங்காமல் சும்மா செய்து கொடுத்தேன் என்று அவர் பெருமையாகச் சொன்னார். நல்ல மனிதர். சித்தி படத்தைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இவர் ஆரெண்டு எனக்குத் தெரியாதே,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முகம் உள்ளபடி உள்ள படம்தான் இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது, அதுவும் அல்பத்துக்குள். சுவரில் கரடிகள்தான்.

சோம்பேறி என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் சித்தி விடவில்லை. நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பியர் ஒருவருக்கு இந்தக் கரடியைப் பார்த்தபோது அதன் நீண்டு வளைந்த நகமும் மேல் வரிசையில் இரண்டு முன்பல் இல்லாத வாயும்தான் கண்ணில் பட்டனவாம். தென்னமெரிக்கக் காட்டில் தலைகீழாகத் தொங்கித் தூங்கும் மந்தப் பிராணி ஒன்று இருக்கிறதே, அதன் சொந்தம் இது என்று எழுதி வைத்துவிட்டார். பிறகு கரடி என்று தெரிந்தும் பெயர் போகவில்லை, தமிழுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. பல் இல்லாத இடத்தைக் குறை என்று பார்க்கத்தான் எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். கரடிக்கு அது வாசல், அதனூடாகத்தான் கறையானை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது மண் ஏறாமல் மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இதையெல்லாம் சித்தி ஒரு நாள் எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, சித்தப்பாவைப் பார்த்து, “உங்களுக்கும் அதுக்கும் ஒரே பிரச்சினை. பாத்த உடன ஆக்கள் ஒண்டை எழுதி வச்சிடுறாங்க,” என்றார்.

படத்திலுள்ள மற்றக் கரடிகளும் அந்த வீட்டில் சொந்தக்காரர்கள் மாதிரித்தான். வெள்ளைக் கரடியின் மயிரைச் சிரைத்தால் தோல் கறுப்பு, சூரியக் கரடி எல்லாரிலும் சின்னது ஆனால் நாக்கு நீளம், மூங்கில் தின்னும் பண்டாவின் கையில் பெருவிரல் போல ஓர் எலும்பு, முகத்தில் கண்ணாடி போட்டது போல் வளையம் உள்ளது தென்னமெரிக்கக் கரடி என்று சோற்றுக்கு நடுவில் பேச்சு ஓடும். கனடாவிலிருந்து என் மச்சாள் போன் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியைக் கரடி கவிழ்த்துவிட்டதென்று அழாக்குறையாகச் சொன்னாள். சித்தி, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்ட கையோடு, முதுகில் திமில் இருந்ததா என்று கேட்டார். திமில் இருந்தால் மண்ணிறக் கரடி, இல்லாவிட்டால் அமெரிக்கக் கறுப்புக் கரடி. மச்சாள் முதுகைக் கவனிக்கவில்லை. அவளைச் சித்தி இன்னும் மன்னிக்கவில்லை.

போன வருடம் சித்தப்பா நெஞ்சு வருத்தத்தால் இறந்துபோனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அப்பாவும் இப்போது இல்லை. உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்துத் தரும் மலர்ச்சாலைக்குச் சித்தியோடு நான்தான் போனேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. சித்தி அழவே இல்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அங்கே வேலை செய்யும் பையன், கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான், மெதுவாக என் பக்கத்தில் வந்து, முகத்தில் இருக்கிற காயத்தை மெழுகு வைத்து நிரவிவிடலாம், பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கலியாணத்தில் ஸ்டூடியோக்காரர் செய்த அதே நல்ல காரியம். நான் வாய் திறப்பதற்குள் சித்தி, “வேணாம் மகன், அது அப்பிடியே இருக்கட்டும்,” என்றார்.

அவன் தலையை ஆட்டினான். போகத் திரும்பியவன் நின்று, “சண்டையில பட்டதா அன்ரி?” என்று கேட்டான்.

“இல்ல. கரடி.”

எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வரும், அல்லது அதிசயம் வரும், அல்லது சங்கடத்தோடு பேச்சு மாறும். அவன் பெட்டிக்குள் குனிந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான். தழும்பின் வழியே கண்ணை ஓட்டினான். பிறகு நிமிர்ந்து கேட்டான்:

“எந்தக் கரடி அன்ரி?”

சித்தியின் முகம் கலைந்தது. இத்தனை வருடமாக அவர் கேட்ட கேள்வி, அவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. என் கையில் வீட்டுத் திறப்பைத் திணித்து, “ஓட்டோ ஒண்டு பிடிச்சிட்டுப் போய் அந்தப் படத்தைக் கழட்டிட்டு வா,” என்றார். சாவு வீட்டில் செய்கிற காரியமா இது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. போய் ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக் கொண்டு வந்தேன். சித்தி அதை மலர்ச்சாலை மேசையில் விரித்தார். பழைய தாள் பழைய பழக்கத்தில் சுருண்டது. ஒரு மூலையில் மெழுகுதிரித் தண்டை வைத்தார், மறு மூலையைப் பையன் கையால் பிடித்துக்கொண்டான். பனியில் நிற்கிறது, மூங்கில் தின்கிறது, கண்ணாடி போட்டது, பேனாவால் வெட்டுப்பட்ட கோலா, எல்லாவற்றையும் அவன் பார்த்தான். அவசரப்படவில்லை. பிறகு வெளுத்துத் தேய்ந்த ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தான்.

சித்தி அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே பெட்டிக்கு மேல் குனிந்து, சித்தப்பாவின் பாதிக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

“கேட்டுதா?” என்றார். “எந்தக் கரடி எண்டு கேக்கிறான்.”